ஏலமலைத் தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றம் (2011)

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை தொடர்பாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே எழுந்த பதற்றத்தின்போது, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் உள்ளாயினர். நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தோடு மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு வந்தனர். ஒரு மாநில எல்லைக்குள் சிறுபான்மையாக வாழும் மக்கள் துன்புறுத்தப்படும்போது அண்டை அரசு என்ன செய்யலாம், எதைச் செய்ய இயலாது என்பதை விளங்கிக்கொள்ள இந்நிகழ்வு உதவுகிறது.

மலையும் அடிவாரமும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம். இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை போடிமெட்டுக்கு ஏறுகிறது. மலையைக் கடக்கும் கணவாயை இப்பகுதியில் 'மெட்டு' என்பர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்றும் தேனி மாவட்டத்தையும் இடுக்கி மாவட்டத்தையும் இணைக்கும் முக்கியச் சாலை வழிகளாகும். இவை தவிர, தேவாரத்தை ஒட்டிய சாக்குலூத்து மெட்டு போன்ற பழைய நடைபாதைகளும் உண்டு.

மெட்டுக்கு அப்பால் இருப்பது ஏலமலை. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஆகிய ஊர்களைச் சுற்றி ஏலத்தோட்டங்கள் பரவியுள்ளன. தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் வேலையாட்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். சிலர் தலைமுறைகளாக அங்கேயே குடியிருக்கின்றனர். மற்றவர்கள் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மாலையில் திரும்புகின்றனர். களையெடுப்பதும் காய் எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. விளைந்த காய் போடியிலும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏல மையங்களில் விற்பனையாகிறது. தேனி மாவட்டத்தவர் பலருக்கு இடுக்கியில் சொந்தத் தோட்டங்களும் உண்டு.

இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் உருவானபோது உறுதியானது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்கிருந்த தமிழர்கள் அன்றுமுதல் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

அணை விவகாரம்

முல்லைப் பெரியாறு அணை, 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின்படி, பென்னிகுவிக் தலைமையில் கட்டி 1895-இல் முடிக்கப்பட்டது. அணை கேரளத்தில் உள்ளது, பராமரிப்பது தமிழ்நாடு. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அதன் நீரால் பயன்பெறுகின்றன. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தியபின் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளம் 136 அடியைச் சட்டமாக்கியது.

2011-இல் இடுக்கியில் உணரப்பட்ட நில அதிர்வுகளும், நவம்பர் இறுதியில் வெளியான 'டேம் 999' திரைப்படமும் அச்சத்தையும் கோபத்தையும் வளர்த்தன. தமிழ்நாடு அரசு அப்படத்தைத் தடை செய்தது. கேரளத்தில் புதிய அணை கோரிப் போராட்டங்கள் தொடர்ந்தன.

2011 டிசம்பர் நிகழ்வுகள்

டிசம்பர் முதல் வாரத்தில் குமுளிப் பகுதியில் மோதல்கள் தொடங்கின. தமிழ்நாட்டு வாகனங்கள் தாக்கப்பட்டன; எல்லைப் போக்குவரத்து நின்றது. சபரிமலை பருவம் என்பதால் ஐயப்ப பக்தர்களும் பாதிக்கப்பட்டனர். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் சிறைவைக்கப்பட்டதாகவும், அவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகவும் புகார்கள் எழுந்தன. இச்செய்தி கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியதும் பல்லாயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் திரண்டனர். எல்லையின் இருபுறமும் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் எதிர்வினை எழுந்தது. மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் பல இடங்களில் தாக்கப்பட்டன. அணையோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைக்காரர்கள் இங்கே இழப்பைச் சந்தித்தனர். அங்கே அந்த இழப்பு கூலித் தொழிலாளர்களுக்கு நேர்ந்தது.

டிசம்பர் நடுப்பகுதியில் உடும்பன்சோலைப் பகுதியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறத் தொடங்கின. சாலைகள் மூடப்பட்டிருந்ததால் பலர் குழந்தைகளுடனும் முதியவர்களுடனும் காட்டுப்பாதை வழியாக நடந்தே தேவாரம் உள்ளிட்ட அடிவார ஊர்களை அடைந்தனர். அது காய் எடுப்பு நடக்கும் பருவம். ஆகவே வெளியேறியவர்கள் கூலியை இழந்தனர், தோட்டக்காரர்கள் விளைச்சலை இழந்தனர், போடியின் ஏலக்காய் வணிகமும் பாதிக்கப்பட்டது.

அரசுகளின் நடவடிக்கை

காவல் என்பது அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே போடிமெட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக் காவல்துறை தானாகச் செயல்பட இயலாது. தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் போடிநாயக்கனூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தம் தொகுதியின் எல்லையில் நடப்பதை நிறுத்த அவருக்கும் நேரடி அதிகாரம் இல்லை.

இத்தகைய நிலையில் அண்டை அரசுக்கு மூன்று வழிகளே உள்ளன: கேட்பது, ஏற்பது, வழக்காடுவது. கேரள அரசிடமும் நடுவண் அரசிடமும் பாதுகாப்புக் கேட்பது முதலாவது. வந்தவர்களுக்கு இடமும் உணவும் தருவது இரண்டாவது. மூன்றாவது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 13 அன்று, நீர்மட்டத்தை 120 அடியாகக் குறைக்கக் கோரிய கேரளத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதற்றத்தைத் தணிக்குமாறு இரு மாநிலங்களையும் அறிவுறுத்தியது. டிசம்பர் 15 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்புக் கூட்டத்தில் அணை உரிமை குறித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

முதற்பொறுப்பு யாருடையது?

ஓரிடத்தில் வாழும் மக்களைக் காக்கும் முதற்பொறுப்பு அந்த இடத்தை ஆளும் அரசுக்கே உரியது. அருணாசலப் பிரதேசத்தில் குடியேறியிருந்த சக்மா மக்களை வெளியேறும்படி ஓர் அமைப்பு மிரட்டியபோது, உச்ச நீதிமன்றம் 1996-இல் இதைத் தெளிவுபடுத்தியது. அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு குடிமக்களை மட்டுமல்லாமல் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காக்கிறது. கும்பலின் மிரட்டலை மாநில அரசு வேடிக்கை பார்க்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஏலமலைத் தொழிலாளர்களுக்கு இதோடு 19-ஆம் உறுப்பும் துணை நிற்கிறது: இந்தியக் குடிமக்கள் என்ற முறையில் நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழவும் தொழில் செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ரோஹிங்கியா மக்களுடன் ஒப்பீடு

மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் வாழும் ரோஹிங்கியா மக்களுக்கு இந்தக் கடைசிப் பிடிமானம் இல்லை. 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின் நடந்த இராணுவ நடவடிக்கையால் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குத் தப்பிச் சென்றனர்.

அண்டை நாடுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. வங்கதேசம் அவர்களை ஏற்றது. 2015-இல் அந்தமான் கடலில் படகுகள் தத்தளித்தபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் முதலில் திருப்பி அனுப்பின. பின்னர் மே 20 அன்று தற்காலிகப் புகலிடம் தர ஒப்புக்கொண்டன. வழக்காடும் வழியை அண்டை நாடு எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. 2019 நவம்பரில் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியது மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா. 2020 ஜனவரி 23 அன்று அந்நீதிமன்றம், ரோஹிங்கியா மக்களைக் காக்க மியான்மருக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ரோஹிங்கியா மக்களை நாடுகடத்துவதற்குத் தடை கோரிய வழக்கில், உரிய நடைமுறையின்றி அவர்களை அனுப்பக் கூடாது என்று மட்டும் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்பு மையக் கட்டடம் ஒன்றில் ரோஹிங்கியா குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டன. 2011-இல் அண்டை அரசிடம் பாதுகாப்புக் கேட்ட தமிழ்நாடு, இவர்கள் முன் தானே அண்டை அரசாக நிற்கிறது.

பின்னர்

பதற்றம் தணிந்தபின் ஜீப்புகள் மீண்டும் மெட்டு ஏறின. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு கேரளத்தின் சட்டத்தைச் செல்லாததாக்கி, 142 அடிக்கு அனுமதி அளித்தது; இரு மாநிலப் பிரதிநிதிகளும் இடம்பெறும் மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. அணைக்கு இவ்வாறு ஓர் ஏற்பாடு கிடைத்தது. அத்தீர்ப்பு தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றியதன்று.

அதற்கான அமைப்புகளும் சட்டத்தில் உள்ளன. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி அமைந்த தென்மண்டலக் குழு, எல்லைத் தகராறுகளையும் மொழிச் சிறுபான்மையினர் குறித்தவற்றையும் விவாதிக்கலாம். உள்துறை அமைச்சர் தலைமையில் முதலமைச்சர்கள் அமரும் அவை அது. அரசியலமைப்பின் 350ஆ உறுப்பு மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி அலுவலர் ஒருவரை ஏற்படுத்துகிறது. மலையில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பை அமைதிக் காலத்திலேயே இவற்றின் முன் வைக்க இரு அரசுகளாலும் இயலும். காட்டுப்பாதையில் குடும்பங்கள் இறங்கத் தொடங்கிய பிறகு அண்டை அரசால் செய்ய முடிவது மிகக் குறைவு என்பதையே 2011 டிசம்பர் காட்டியது.