எரிஞ்ச மோட்டார்: காயில் கட்டுறதா, புதுசு வாங்குறதா?

சேத்தியாத்தோப்புப் பக்கம் நாத்து விட்டிருக்கிற நேரத்துல போர் மோட்டார் எரிஞ்சா, யோசிக்க நேரமே இருக்காது. வாய்க்கால்ல தண்ணி வரல, நாத்தங்கால் காயுது. கடையில ரெண்டு விலை சொல்வாங்க. காயில் கட்ட ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை. கம்மியா இருக்கிறதுக்குத் தலையாட்டிட்டு வந்துடுவோம்.



முதல் வேலை, ஏன் எரிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கிறது. மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்துல நில்லுங்க. காயில் சுத்து முழுக்க ஒரே மாதிரி கருகியிருந்தா, அது பெரும்பாலும் ஓவர்லோடு, இல்லன்னா லோ வோல்டேஜ். ஒரு கட்டு கருகி, அடுத்த கட்டு புதுசாட்டம் பளபளன்னு, இப்படி மாறி மாறி இருந்தா ஒரு ஃபேஸ் போயிருக்கு. மூணுல ஒண்ணு போனாலும் மோட்டார் அதே சுமையை இழுக்கப் பாக்கும். அப்ப மீதி ரெண்டு ஃபேஸ்ல கரண்ட் ஏறக்குறைய 1.73 மடங்கு ஆயிடும். ஸ்டார்ட்டர்ல ரிலே சரியா வேலை செஞ்சா உடனே நிக்கணும். நிக்கலன்னா கெட்டது மோட்டார் மட்டும் இல்ல, ஸ்டார்ட்டரும்தான்.

மூணு ஃபேஸ் இல்லாத நேரத்துல கன்டன்சர் போட்டு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டுறது நம்ம பக்கம் சகஜம். தப்புன்னு பிரசங்கம் பண்ணல, பயிர் காயும்போது எல்லாரும் பண்றதுதான். ஆனா அப்படி ஓடுறப்ப மூணு காயில்லயும் கரண்ட் சமமா போகாது, சூடு ஏறும். இன்சுலேஷனைப் பொறுத்தவரை ஒரு பொதுக் கணக்கு உண்டு: தாங்குற அளவுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாக் குறையும். காரணத்தைச் சரிபண்ணாம காயில் கட்டினாலும் எரியும், புது மோட்டார் இறக்கினாலும் எரியும்.

சரி, காரணம் தெரிஞ்சுடுச்சு. இப்ப கட்டுறதா, வாங்குறதா?

காயில் கட்டினா மோட்டார் பழைய மாதிரி இழுக்காது, கரண்ட் கூடக் குடிக்கும்னு சொல்வாங்க. பாதி உண்மை. மோட்டார் ரிப்பேர் தொழில் செய்றவங்களோட சங்கங்கள், அமெரிக்காவுல ஈசா, பிரிட்டன்ல ஏஇஎம்டி, சேர்ந்து 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முறையாக் கட்டினா எஃபிஷியன்சி கிட்டத்தட்ட அப்படியே இருக்குன்னு அதுல வந்துச்சு. தொழில்காரங்க சங்கமே பண்ண ஆய்வு, அதை மனசுல வச்சுக்குங்க. இருந்தாலும் அளந்து பாத்துச் சொன்னது. கேள்வி அந்த 'முறையா'ங்கிற இடத்துலதான் இருக்கு.

மோனோபிளாக் மாதிரி மேல நிக்கிற மோட்டார்ல எனாமல் கம்பி, அதுக்கு மேல வார்னிஷ். பழைய காயில் ஸ்டாம்பிங்கோட கல்லா ஒட்டியிருக்கும். அதை எடுக்க நெருப்பு வைப்பாங்க. அங்கதான் கெடுதல். ஸ்டாம்பிங்னா ஒரே இரும்புக்கட்டி இல்ல, மெல்லிசான தகடுகளை அடுக்கினது. தகடுக்குத் தகடு நடுவுல ஒரு பூச்சு இருக்கு. விறகைப் போட்டுக் கண்டபடி கொளுத்தினா அந்தப் பூச்சு போயிடும். அப்புறம் காயில் எவ்வளவு நல்லா கட்டினாலும் இரும்பே சூடாகும். 370 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு அந்த ஈசா சொல்லுது. அடுப்புல வெப்பம் பாத்து எரிக்கிற கடையா, கொல்லையில சருகு கூட்டிக் கொளுத்துற கடையான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

போருக்குள்ள இறங்குற தண்ணி நிரப்பின சப்மர்சிபிள் மோட்டார் வேற மாதிரி. அதுல பாலி வயர், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. வார்னிஷே கிடையாது. அதனால கொளுத்தாமலே கம்பியை வெட்டி உருவிடலாம், ஸ்டாம்பிங்குக்குச் சேதம் இல்ல. நம்ம பக்கம் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுறது நியாயமான வேலைன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். ஆனா ஏமாத்த இடம் உண்டு. பழைய கம்பி எந்த கேஜ், எத்தனை சுத்துன்னு எண்ணி அதே மாதிரி போடணும். மெல்லிசு கம்பி போட்டா செம்பு மிச்சம், கடைக்கு லாபம், மோட்டாருக்குச் சூடு. செம்புக்குப் பதிலா அலுமினியம் போட்டா இன்னும் மோசம். அதே கனத்துல அலுமினியத்துக்கு மின்தடை 1.6 மடங்கு.

கரண்ட் செலவைப் பத்தி ஒரு வார்த்தை. 1990-லேருந்து தமிழ்நாட்டுல விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம். எஃபிஷியன்சி ரெண்டு சதவீதம் குறைஞ்சா விவசாயிக்கு பில்லுல தெரியாது, மின்வாரியத்துக்கும் அரசுக்கும்தான் தெரியும். காசு கட்டுற ரைஸ்மில்காரருக்கு அது நிஜமான பணம், அவர் புது மோட்டார் கணக்கைப் போட்டுத்தான் பாக்கணும். விவசாயிக்குக் கணக்கு வேற: மோட்டாரைப் போர்லேருந்து தூக்கி இறக்குற கூலி. ஆழம் கூடக் கூட அது ஏறும். மட்டமான காயில் ஒரு பட்டத்துல போயிட்டா அந்தக் கூலி ரெண்டு தடவை. மிச்சம் புடிச்ச காசு அதுலயே போயிடும்.

எப்ப புதுசு வாங்கணும்? ரோட்டர் உரசி ஸ்டாம்பிங் தேஞ்சிருந்தா. போர் மணல் தள்ளி பம்புல இம்பெல்லரும் தேஞ்சு, புஷ், த்ரஸ்ட் பேரிங் எல்லாம் போயிருந்தா. ஏற்கனவே கொளுத்திக் கொளுத்திக் கட்டின மோனோபிளாக்கா இருந்தா. வீட்டுக்குப் போடுற சின்ன ஒரு எச்பி மோட்டார்னா கூலியையும் செம்பையும் கூட்டினா புது விலையைத் தொட்டுடும், யோசிக்காம மாத்துங்க. சிறு, குறு விவசாயியா இருந்தா வேளாண் பொறியியல் துறையில புது பம்புசெட்டுக்கு மானியம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. கடையில வாங்கிட்டு அப்புறம் போய்க் கேட்டா வேலைக்காகாது.

கட்டுறதுன்னு முடிவு பண்ணா, எடுக்கப் போகும்போது உங்க கண்ணு முன்னாடி மெகர் வச்சு இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்க. இறக்குறதுக்கு முன்னாடி மோட்டாருக்குள்ள நல்ல தண்ணி நிரப்பினாங்களான்னு பாருங்க, அவசரத்துல மறக்கிற வேலை அது. அப்புறம், எரிஞ்ச பழைய செம்பு உங்களுது. அதை எடை போட்டு பில்லுல கழிச்சிருக்காங்களான்னு பாத்துட்டுக் காசைக் குடுங்க.