வேகத் தட்டும் வீசும் கையும்

டிஸ்க் கால்ஃப் ஆட வரும் பலர் முதலில் வாங்கத் துடிப்பது நெடுந்தூரம் வீசுவதற்கான ‘டிரைவர்’ தட்டுகளில் மிக வேகமானதைத்தான். தட்டின் மேல் அச்சிட்ட வேக எண் பெரிதானால் தூரமும் கூடும் என்று நம்புகிறார்கள். ஆனால் அந்த எண் குறிப்பது, தட்டு ஒழுங்காகப் பறக்க நம் கை கொடுக்க வேண்டிய வேகத்தை.

சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் தட்டை வீசிச் சேர்ப்பதே ஆட்டம். அதன் முதல் நிரந்தரத் திடல் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக்கின் முயற்சியால் அமைந்தது. அன்று வீசியவை தடித்த விளிம்புள்ள ஃப்ரிஸ்பீகள். 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவி ‘ஈகிள்’ தட்டை வடிவமைத்தார். காற்றின் தடை குறைந்தது. இன்றைய தூர டிரைவரின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமானது, கூர்மையானது. எடையின் பெரும்பங்கு விளிம்பிலேயே இருப்பதால் சுழற்சியும் எளிதில் தளராது.

ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்கள் உண்டு: வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதி வளைவு. புகழ்பெற்ற ‘டெஸ்ட்ராயர்’ தட்டுக்கு இவை 12, 5, -1, 3.

வலக்கைக்காரர் புறங்கை வீச்சில் எறிந்தால் தட்டு, மேலிருந்து பார்க்க, கடிகார முள்ளின் திசையில் சுழலும். சுழலும் பம்பரத்தைத் தொட்டால் அது தள்ளிய பக்கம் விழாமல் வேறு பக்கம் சாயும். தட்டும் அப்படித்தான். அதிவேகத்தில் காற்று அதன் முன்விளிம்பைக் கீழே அழுத்த முயலும். தட்டு வலப்புறம் சாயும்; இதுவே தொடக்கத் திருப்பம். வேகம் குறைந்ததும் காற்று முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். தட்டு இடப்புறம் சாய்ந்து இறங்கும்; இதுவே இறுதி வளைவு. இந்த இரண்டு வளைவுகளும் சேரும்போதுதான் நெடுந்தூரம் கிடைக்கிறது. வீச்சில் வேகம் போதாவிட்டால் முதல் வளைவே வராது. தட்டு விரைவில் இடப்புறம் வளைந்து தரையில் விழும்.

ஆகவே வேகம் 7 உள்ள தட்டில் தொடங்குங்கள். அது நேராக நூறு மீட்டரை நெருங்கும்போது 9-க்குப் போகலாம். 12 அதற்கும் பிறகு. முதலில் 150 முதல் 160 கிராம் வரையிலான எடையும், -2 அல்லது -3 என்ற தொடக்கத் திருப்பமும் உள்ள தட்டு நல்லது. சிறிய கைகளுக்கு அகன்ற விளிம்பைப் பற்றுவதே சிரமம். கடையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

வீசும்போது நான்கு விரல்களும் விளிம்பின் உட்புறம் மடங்கட்டும். கட்டைவிரல் மேலே அழுந்தட்டும். தட்டை மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுங்கள். விசை காலில் பிறந்து இடுப்பு, தோள், முழங்கை வழியே மணிக்கட்டுக்கு வர வேண்டும்; கையை மட்டும் முறுக்கினால் தோள்தான் வலிக்கும். முன்விளிம்பு நிமிராமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். நிமிர்ந்தால் தட்டு மேலேறி, வேகமிழந்து, இடப்பக்கம் விழும். எதிர்காற்று வலப்புறத் திருப்பத்தைக் கூட்டும், பின்காற்று குறைக்கும்.

2016-இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசி உலக சாதனை படைத்தார். தேர்ந்த கையும் சாதகமான காற்றும் சேர்ந்தால் வேகத் தட்டு அவ்வளவு தூரம் போகும். அந்தக் கை மெதுவான தட்டுகளில்தான் பழக வேண்டும். அவை வீச்சின் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும், திருத்தவும் வாய்ப்புத் தரும்.