எத்தனை ஓநாய்கள் போதும்?

1872-ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் வனத்தை உலகின் முதல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்த அமெரிக்க சர்க்கார், அவ்வனத்து எல்க் மான்களைக் காப்பது தன் கடமையென்று கருதி, அவற்றைத் தின்னும் ஓநாய்களைத் துஷ்ட மிருகங்கள் என்று தீர்மானித்து, துப்பாக்கியாலும் பொறியாலும் விஷத்தாலும் ஒழித்துவந்தது. 1926-இல் அங்கே எஞ்சியிருந்த குட்டிகளும் கொல்லப்பட்டன. அதே சர்க்கார்தான், அருகிவரும் உயிரினங்களைக் காப்பதற்காக 1973-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து, சில வாரங்கள் வேலிக்குள் வைத்துப் பழக்கி, அந்த வனத்திலேயே விட்டது.

வந்த ஓநாய்கள் செழித்தன. ஏறக்குறைய 19,000 தலைகளாக இருந்த வடபகுதி எல்க் மந்தை இருபது ஆண்டுகளுக்குள் 4,000 அளவுக்குக் குறைந்தது. கரடியும் வறட்சியும் எல்லைக்கு வெளியே காத்திருந்த வேட்டைக்காரர்களும் அந்தக் குறைவில் பங்குகொண்டிருந்தும், பழியும் புகழும் ஓநாய்க்கே போய்ச் சேர்ந்தன. மான் குறைந்ததால் ஆற்றங்கரை வில்லோ மரங்களும் ஆஸ்பென் மரங்களும் தழைத்து, வனம் முழுவதும் புத்துயிர் பெற்றுவருகிறது என்று ஆரெகன் மாகாணச் சர்வகலாசாலையின் வில்லியம் ரிப்பிளும் ராபர்ட் பெஷ்டாவும் எழுதியதை உலகம் புராணம் கேட்பதுபோல் கேட்டு மகிழ்ந்தது. கொலராடோ மாகாணச் சர்வகலாசாலையார் இருபது ஆண்டுகள் நடத்திய பரிசோதனையோ அத்தனை இனிமையான கதை சொல்லவில்லை. ஓநாய் இல்லாத காலத்தில் பீவர்களும் மறைந்து, அவை கட்டியிருந்த அணைகளும் அழிந்து, நீர்மட்டம் தாழ்ந்துபோன ஓடைகளின் கரையில், மான்கள் குறைந்த பிறகும் வில்லோ பழைய உயரத்துக்கு வளரவில்லை. செயற்கை அணை கட்டி நீரை உயர்த்திய இடங்களில்தான் அது ஓங்கிற்று. இதை ஓநாய்க்கு விரோதமான சாட்சியமாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ, ஓநாயைக் கொண்டுவந்தால் எல்லாம் சீராகும் என்ற வாதத்தைவிட, ஒருமுறை அழித்துவிட்டால் பின்பு எல்லாம் சீராவதில்லை என்ற வாதமே பலமுள்ளதாகத் தோன்றுகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மொண்டானா, ஐடஹோ, வயோமிங் ஆகிய மூன்று மாகாணங்களிலுமாகச் சேர்ந்து 300 ஓநாய்களும், குட்டி போட்டு வளர்க்கும் 30 ஜோடிகளும், மூன்று வருஷம் தொடர்ந்து இருந்தால் போதும் என்று சர்க்கார் வகுத்திருந்த இலக்கு 2002-லேயே எட்டப்பட்டது. போதும் என்றால் எதற்குப் போதும்? அந்தப் பிரதேசத்தில் இனம் அற்றுப்போகாமல் இருப்பதற்கா, அது முன்பு உலவிய பரந்த தேசத்தில் மறுபடியும் நிலைகொள்வதற்கா? தன் வாழ்பரப்பின் முக்கியமான ஒரு பகுதியிலாவது அழியும் அபாயத்திலிருக்கும் ஜந்துவைக் காக்க வேண்டும் என்கிறது சட்டம். எது முக்கியமான பகுதி என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. கோர்ட்டுகளில் மாறிமாறித் தீர்ப்புகள் வந்துகொண்டிருக்க, 2011-இல் காங்கிரஸ் சபை ஒரு வரவுசெலவு மசோதாவில் சில வரிகளைச் சேர்த்து, மொண்டானா, ஐடஹோ ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஒரு ஜீவராசியின் கதியைப் பட்ஜெட்டின் ஓரத்தில் எழுதித் தீர்த்தது அந்தச் சட்டத்தின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

அதன்பின் 2013-இல் நடந்த விவகாரம் சற்று நிதானித்துப் பார்க்கத்தக்கது. தென்மேற்கிலுள்ள மெக்ஸிகன் ஓநாய்க்கு மட்டும் பாதுகாப்பை வைத்துக்கொண்டு, நாட்டின் மற்றப் பகுதிகளில் சாம்பல் ஓநாயைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று மீன் மற்றும் வனவிலங்குத் துறை முன்மொழிந்தது. கிழக்கே இருபதுக்கும் மேற்பட்ட மாகாணங்களில் பூர்வத்தில் வாழ்ந்தது வேறோர் இனம், ஆகையால் சாம்பல் ஓநாய் அங்கே இழந்தது ஒன்றுமில்லை என்பது அதன் ஆதாரங்களில் ஒன்று. அந்தக் கொள்கைக்கு ஊன்றுகோலாக நின்றது, துறையின் சொந்த உயிரியலாளர்கள் துறையின் சொந்தப் பத்திரிகையில் முந்திய ஆண்டு வெளியிட்டிருந்த கட்டுரை. 16 விஞ்ஞானிகள், தங்கள் ஆராய்ச்சி முடிவுகளை இந்த யோசனை சரிவரப் பிரதிபலிக்கவில்லை என்று கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். யோசனையைப் பரிசீலிக்க நிபுணர் குழு அமைத்தபோது கடிதத்தில் கையொப்பமிட்டவர்கள் விலக்கப்பட்டார்கள் என்ற கண்டனம் எழவே, அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, பரிசீலனைப் பொறுப்பு சாந்தா பார்பராவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே கூடிய நிபுணர்கள், கிடைக்கக்கூடிய சிறந்த விஞ்ஞானத்தின்மேல் இந்த யோசனை எழுப்பப்படவில்லை என்று 2014 பிப்ரவரியில் ஏகமனதாகச் சொன்னார்கள்.

விஞ்ஞானிகள் எல்லோரும் ஓநாயின் வக்கீல்கள் என்று இதிலிருந்து நினைத்துவிடலாகாது. 1958 முதல் இந்த மிருகத்தையே படித்துவந்த டேவிட் மெக், ஓநாயைத் தெய்வமாக்கிவிடும் அபாயம் விஞ்ஞானத்துக்கு உண்டென்று 2012-இல் எழுதி எச்சரித்தார். ஓநாய்களைக் கொன்றால் மறுவருஷம் கால்நடைச் சேதம் கூடுகிறது என்று வாஷிங்டன் மாகாணச் சர்வகலாசாலையின் ஓர் ஆய்வு 2014-இல் சொல்ல, அதே கணக்குகளை வேறு முறையில் ஆராய்ந்த மற்றவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். கொல்லலாமா என்ற கேள்விக்குக்கூட ஒரே விடை இல்லை. எப்படி, எவ்வளவு என்பதில் அவசரம் ஆபத்து என்பதை மட்டும் விஸ்கான்ஸின் காட்டியது. 2021 ஜனவரியில் பாதுகாப்பு நீங்கியதும் பிப்ரவரியிலேயே அங்கே வேட்டை திறக்கப்பட்டு, உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு 119 என்று வரம்பிட்டிருந்தும், மூன்று நாளுக்குள் 218 ஓநாய்கள் வீழ்ந்தன. மறுவருஷம் கோர்ட்டு, வடக்கு ராக்கி மலைப் பகுதி நீங்கலாக, பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது.

கொலராடோ மாகாணத்தாரோ நிபுணர்களுக்காகக் காத்திராமல் வோட்டுப் பெட்டியிடம் போனார்கள். ஓநாயை மீண்டும் கொண்டுவரலாமென்று 2020 நவம்பரில் மயிரிழைப் பெரும்பான்மையில் முடிவாயிற்று. ஆதரித்தவர்கள் பெரிதும் நகரவாசிகள், 2023 டிசம்பரில் ஆரெகனிலிருந்து வந்த 10 ஓநாய்களும் விடப்பட்டதோ மேற்கு மலைச்சாரலில், மந்தைக்காரர்களின் அண்டையில். கொல்லப்படும் கால்நடை ஒவ்வொன்றுக்கும் 15,000 டாலர் வரை நஷ்டஈடு தர மாகாணத்தார் சட்டம் செய்திருந்தார்கள்; அடுத்த ஏப்ரலிலேயே அதற்கு வேலை வந்துவிட்டது.