கோட்பட் நெசவு: வேரில் ஊறிய செம்மை

பருத்தி நூல் இயற்கைச் சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. பட்டும் கம்பளியும் புரத இழைகள். சாய மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் வேதித் தொகுதிகள் அவற்றில் மிகுதி. செல்லுலோசால் ஆன பருத்தியில் அவ்வசதி குறைவு. ஏறிய நிறமும் சில சலவைகளில் வெளிறிவிடும். ஒடிசா மாநிலம் கோராபுட் மாவட்டத்தின் கோட்பட் ஊரில் வாழும் மிர்கான் நெசவாளர்கள் இத்தடையைத் தலைமுறை தலைமுறையாக வென்று வருகிறார்கள். அப்பகுதிப் பழங்குடி மக்கள் உடுத்தும் கரும்பழுப்பும் செம்பழுப்பும் தோய்ந்த சேலைகளும் மேலாடைகளும் இவர்கள் தறியில் பிறப்பவை.

அச்செம்மைக்கு மூலம், அங்கே ‘ஆல்’ என வழங்கும் மொரிண்டா மரத்தின் வேர்ப்பட்டை. நம் நுணாவும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. 1849இல் ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் தாமசு ஆண்டர்சன் இவ்வேரிலிருந்து மொரிண்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். சர்க்கரையுடன் பிணைந்திருக்கும் இச்சேர்மம் சிதையும்போது மொரிண்டோன் என்னும் செஞ்சாயம் வெளிப்படும்.

சாயத்தை நூலில் நிறுத்துவதே அருஞ்செயல். அதைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். வெள்ளை நூற்சிட்டங்களை மாட்டுச் சாணம், மரச்சாம்பல் நீர், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றில் மாறி மாறி ஊறவைத்துப் பிசைந்து வெயிலில் உலர்த்துவார்கள். இது பல நாள் தொடரும். சாம்பலின் காரம் எண்ணெயை உடைத்து, அதன் கொழுப்பு அமிலங்களை இழைக்குள் இறங்கச் செய்கிறது. அங்கே தங்கும் அமிலங்கள் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ள, அவ்வயனிகளைச் சாய மூலக்கூறு பற்றிக்கொள்கிறது. நிறமூன்றியின் பணி என வேதியியல் கூறுவது இதுவே. பின்னர் வேர்த்தூள் கலந்த நீரில் நூலைக் கொதிக்கவைக்கிறார்கள். வேரின் வயதையும் தூளின் அளவையும் பொறுத்து நிறம் மாறும். இரும்புச் சல்பேட்டு சேர்த்தால் அது கருமையை நோக்கி ஆழும்.

இவ்வாறு தோய்ந்த நூலும் சாயமேறாத வெண்ணூலும் குழித்தறியில் கூடுகின்றன. நண்டு, மீன், சங்கு, வில், கோடரி முதலிய உருவங்களைக் கூடுதல் ஊடையாகக் கைவிரல்களால் கோத்து எழுப்புகிறார்கள். வரைபடம் ஏதுமின்றி, இழைகளை எண்ணியே உருவம் வளர்கிறது.

1869 முதல் அலிசரின் என்னும் செயற்கைச் செஞ்சாயம் சந்தையில் பெருகியது. நடு இந்தியாவில் பயிராக வளர்க்கப்பட்டு வந்த மொரிண்டாவின் சாகுபடி அதன்பின் சரிந்தது. ஒரு மாத உழைப்பை ஒரு நாளில் முடிக்கும் மலிவுச் சாயத்தோடு வேர்ச்சாயம் போட்டியிட இயலவில்லை. ஆயினும் கோட்பட்டில் அத்தொழில் தொடர்ந்தது; 2005இல் கோட்பட் கைத்தறித் துணி புவிசார் குறியீடு பெற்றது. 2018இல் நெசவாளர் கோவர்தன் பனிகாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இரண்டும் தகுதியால் வந்த பெருமைகள்.

எனினும் குறியீடு துணியின் பெயரைக் காக்குமேயன்றி, மரத்தைக் காக்காது. வேரைத் தோண்டினால் மரம் நலியும். துணிக்குத் தேவை பெருகும்தோறும் காட்டில் மரம் அருகும். இதற்கான விடை பழைய வேளாண்மையிலேயே உண்டு. சாயம் செறிந்திருப்பது மெல்லிய இளவேர்களில். ஆதலால் அன்று உழவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் செடியைத் தோண்டி, மறுநடவு செய்தார்கள். அம்முறையை இன்று கோராபுட்டின் தரிசு நிலங்களில் மீண்டும் தொடங்கலாம். வேரின் எவ்வயதில் சாயம் உச்சம் பெறுகிறது, எவ்வளவு சாம்பற்காரம் போதும் என்பவற்றை ஆய்வுக்கூடங்கள் அளந்து, சாயமிடும் பெண்களின் பட்டறிவோடு ஒப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். தறிக்கூலியோடு சாயக்கூலியும் தனியே கணக்கிடப்பட வேண்டும். துணிக்கு உரிய உழைப்பில் பெரும் பங்கு நூல் தறியேறுமுன்பே முடிந்துவிடுகிறது. மரமும் சாயக்கூலியும் உறுதிப்பட்டால்தான் அடுத்த தலைமுறை இத்தொழிலை நம்பித் தறியில் அமரும்.