பார்த்துக்கொள்கிறோமா, வைத்துக்கொள்கிறோமா?

பிள்ளையோடு மறுமணத்துக்கு நிற்கும் பெண்கள் துணையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மறுமணத்துக்கு வரன் தேடுவோருக்கான சுயம்வரம். வாசலில் மேசை போட்டுப் படிவம் கொடுக்கிறார்கள். பெயர், வயது, படிப்பு, சம்பளம், நட்சத்திரம், முதல் திருமணம் எப்படி முடிந்தது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கட்டம்: குழந்தை உண்டா? உண்டென்றால், உடன் இருக்கிறதா, உடன் இல்லையா?

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மகளுக்காகப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மகளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பையன். பெரியவர் 'உடன் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இவன் என்கூடத்தானே இருக்கான்?"

"பேசாம இரும்மா. அதைப் போட்டா ஒருத்தனும் போன் பண்ண மாட்டான்."

அவள் அதற்குமேல் பேசவில்லை. பையன் தாத்தாவைப் பார்த்தான், பிறகு படிவத்தைப் பார்த்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த வயது அது.

பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பெண்கள் அடுத்த துணையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதத்தான் கிளம்பினேன். திருச்சி, மதுரை, திருப்பூர் என்று சில பெண்களிடம் உட்கார்ந்து பேசினேன். பெயர் வேண்டாம் என்பது எல்லோரும் வைத்த நிபந்தனை. பேசப் பேச, தேர்வு என்பது அவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே பெரிதாகிவிட்டது.

பேர் சொல்லிக் கேட்கிறாரா?

ஆளின் தோற்றத்தையோ சம்பளத்தையோ முதலில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மதுரையில் அங்கன்வாடியில் வேலை செய்யும் பெண், கணவரை விபத்தில் இழந்தவர், இப்படிச் சொன்னார்: "போன்ல பேசறப்போ என் பொண்ணு பேரைச் சொல்லிக் கேக்குறாரா, 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு கேக்குறாரான்னு பார்ப்பேன். நாலு தடவை பேசின பிறகும் பேரு வரலைன்னா, அந்தப் பேச்சை அதோட நிறுத்திடுவேன்."

இன்னொருவர், சம்பளச் சீட்டைப் பற்றிய கேள்வி எத்தனையாவது பேச்சில் வருகிறது என்று எண்ணுவாராம். மற்றொருவர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருடைய அம்மாவைக் கவனிக்கிறார். வீட்டுக்கு வந்த பிள்ளைக்குத் தட்டில் என்ன வைக்கிறார், தம் பேரப்பிள்ளைகளுக்கு வைத்ததையே வைக்கிறாரா என்று.

திருச்சியில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் சொன்னதுதான் என்னை விட்டு நீங்கவில்லை. விவாகரத்தாகி ஆறு வயது மகளோடு இருந்தவர். பார்த்த வரனோடும் மகளோடும் வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போயிருக்கிறார், அம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு. தஞ்சாவூர் தாண்டியதும் குழந்தை அந்த மனிதர் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டது. "தண்ணி பாட்டிலை எடுத்து முதல்ல அவ முகத்தைக் கழுவினார். வாயைக் கொப்பளிக்க வச்சார். அவர் பேன்ட்டைத் துடைச்சது அப்புறம்தான். எங்கம்மா என்னைப் பார்த்தாங்க. நான் அவங்களைப் பார்த்தேன்." இருவருக்கும் இப்போது கல்யாணமாகி மூன்று வருடம்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு வீடு வேண்டும்

இந்தக் கதையில் எல்லோருக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போகும். எனக்குப் பிடித்தது அந்த அம்மாவை. மகள் இரவுப் பணிக்குப் போன நாட்களில் பேத்தியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டவர். மகள் நான்கு வரன்களைத் தட்டிக்கழித்தபோது, "வயசு ஏறுது" என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர். வேளாங்கண்ணிப் பேருந்தில் ஏறுவதற்கு முன் மகளுக்குக் கிடைத்த இரண்டு வருடம் அந்த அம்மா கொடுத்தது.

திருப்பூர்ப் பெண்ணுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இரண்டு வயதுப் பையனோடு கணவனை விட்டு வந்தவர். பிறந்த வீட்டில் 'வாழாவெட்டி' என்ற சொல் காதில் விழுந்த அன்றே பெட்டியைக் கட்டினார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால்தான் வாடகைக்குக் கட்டும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் வீடு திரும்ப இரவு ஒன்பது. அதுவரை பிள்ளை யார் கையில்? அதற்கும் முன்னால், வீடு கொடுப்பது யார்? லைன் வீடு கேட்டுப் போன இடமெல்லாம் முதல் கேள்வி: "வீட்டுக்காரர் எங்கம்மா?"

கம்பெனியில் உடன் வேலை பார்த்தவர் ஒருவர், "நம்ம சொந்தக்காரப் பொண்ணு" என்று சொல்லி வீடு பிடித்துக் கொடுத்தார். அட்வான்ஸில் பாதியும் அவரே கொடுத்தார். மூன்றாம் மாதம் கோயிலில் தாலி. ஒன்றரை வருடத்தில், குடியும் அடியும் தாங்காமல் அதுவும் முடிந்தது. "அவரை எனக்குப் பிடிச்சுதான்னு இப்பவும் தெரியலக்கா. அன்னைக்கு எனக்கு வீடு வேணும்," என்றார்.

இந்தப் பெண்ணுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று சொல்வது எளிது. அவருக்கும் செவிலியருக்கும் புத்தியில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருவருக்குக் காத்திருக்க முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், மாதம் தவறாத வருமானம், கேள்வி கேட்காத வீடு, மனசு விட்டுப் பேச ஒரு தோழி. இவை உள்ள பெண் துணையைத் தேடுகிறாள். இல்லாத பெண்ணுக்கு முதலில் நீண்ட கையே துணையாகிவிடுகிறது. சொந்தபந்தம் தாங்கிப் பிடித்தால் பெண் மறுமணத்தையே மறந்துவிடுவாள் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தது நேர்மாறாக இருந்தது. தாங்குவதற்கு ஆள் இருந்தவர்கள்தான் நல்ல கல்யாணம் செய்துகொண்டார்கள்.

திருப்பூர்ப் பெண் இப்போது மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழுக்களைக் கடன் வாங்கும் இடமாகவே நாம் பார்க்கிறோம். இவருக்கு அது பிறந்த வீடாகிவிட்டது. பையன் பள்ளி விட்டு வந்தால் குழுப் பெண்ணொருவர் வீட்டில்தான் சாப்பாடு. "இனி எவனாவது வந்தா, அஞ்சு பேர் விசாரிச்சுட்டுத்தான் என்கிட்டயே விடுவாங்க," என்று சிரித்தார்.

கல்யாண நாளுக்கு மட்டும் உதவி

அரசின் கை எதுவரை நீள்கிறது? டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் தமிழக அரசின் விதவை மறுமண நிதி உதவித் திட்டம் இருக்கிறது. பட்டம், பட்டயம் படித்தவருக்கு 50,000 ரூபாய், மற்றவருக்கு 25,000 ரூபாய், இருவருக்கும் தாலிக்கு எட்டு கிராம் தங்கம். 1938-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானம் நிறைவேறியபோது முன்னின்றவர்களில் ஒருவர் இந்தத் தர்மாம்பாள். நல்ல திட்டம், நல்ல பெயர். ஆனால் விதவைகளுக்கு மட்டும்தான். விவாகரத்தான பெண்ணுக்கு இதில் இடமில்லை. கைவிடப்பட்டவளுக்கும் இல்லை. அதைவிட முக்கியம், உதவி தாலி கட்டும் நாளுக்கு வருகிறது. யாரைக் கட்டுவது என்று யோசிக்கும் இரண்டு வருடத்துக்கு வருவதில்லை. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும்.

மறுமணம் ஏதோ நேற்று வந்த புதுமை என்ற நினைப்பையும் விட வேண்டும். இந்த மண்ணில் எத்தனையோ சமூகங்களில் அறுத்துக் கட்டுவது சாதாரண வழக்கம். உழைத்துப் பிழைத்த குடும்பங்களில் கணவன் செத்தால் பெண் மூலையில் உட்காரவில்லை. சாதிப் படியில் மேலே ஏற நினைத்தவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். 'அறுத்துக் கட்டினவ' என்பது பிறகு வசவாக மாறியது.

சட்டத்திலும் மறுமணம் பற்றிய தயக்கம் இருந்தது. 1856-ன் விதவை மறுமணச் சட்டம் கல்யாணத்தை அனுமதித்த கையோடு, முதல் கணவர் வழியில் வந்த சொத்துரிமையைப் பறித்தது. பிள்ளைக்கு வேறு காப்பாளரை நியமிக்கக் கோரி இறந்த கணவரின் உறவினர் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி வைத்தது. அந்தச் சட்டம் 1983-ல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் இரண்டாவது பகுதி நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீ போகலாம், பிள்ளை எங்களுடையது.

என் வீட்டில் வளர்ந்த தம்பி

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். என் சித்தி இருபத்தாறு வயதில் கணவரை இழந்தார். இரண்டு வருடத்தில் நல்ல வரன் வந்தது. ஒரே நிபந்தனை, பையன் வரக்கூடாது. "அவன் இங்கேயே இருக்கட்டும், நாங்க வச்சுக்கிறோம்," என்றார் பாட்டி. ஐந்து வயதுத் தம்பி எங்களோடு வளர்ந்தான். எங்களோடு சாப்பிட்டான், எங்களோடு படித்தான். ஒரு குறையும் வைக்கவில்லை என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குச் சித்தி புதுக் கணவரோடு வருவார். வருவதற்கு முதல் நாள் பாட்டி தம்பியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பார். நாங்கள் கூப்பிடுவதைப் போலவே அவனும் கூப்பிட வேண்டும். அப்படித்தான் கூப்பிட்டான். பெற்ற தாயைச் சித்தி என்று.

இரண்டு வருடத்துக்கு முன் சித்தியை மருத்துவமனையில் சேர்த்தோம். கையெழுத்துப் போட அவன்தான் போனான். 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு 'மகன்' என்று எழுதினான். அந்தச் சொல்லை அவன் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் அந்த 'உடன் இல்லை' கட்டம் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாணத் தகவல் தளங்களிலும் இதே கேள்வி இருக்கிறது. 'குழந்தை இல்லாதவர் விரும்பத்தக்கது' என்று விளம்பரம் கூசாமல் வருகிறது. தரகர், "பையனைப் பத்தி இப்போ பேச வேணாம், பேசி முடிக்கலாம்," என்கிறார். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணை உயிராக நேசிக்கும் அப்பாவும் அம்மாவும்தான். மகள் வாழ வேண்டும் என்ற தவிப்பில் பேரனை விலையாக வைக்கிறார்கள். 'பார்த்துக்கொள்கிறோம்' என்பது மகளுக்குக் கொடுக்கும் ஆதரவு. 'வைத்துக்கொள்கிறோம்' என்பது மகளிடமிருந்து எடுத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே அன்போடு சொல்கிறோம். அதனால்தான் வித்தியாசம் தெரிவதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் வீட்டைவிட முன்னால் போய்விட்டது. தந்தை இல்லாத பிள்ளைக்குத் தாயே இயற்கைக் காப்பாளர் என்கிறது 1956-ன் சட்டம். குழந்தை பிறந்த சில மாதங்களில் கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கே உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணங்களில் இரண்டாம் கணவரை 'மாற்றுத் தந்தை' என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு ஏறக்குறைய கொடுமையானது என்றும் கண்டித்தது. முறைப்படி தத்தெடுக்கவும் மாற்றுத் தந்தைக்கு வழி இருக்கிறது.

பிள்ளைக்காகவே வாழ்ந்தால் போதாதா, மறுமணம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி நிறைவாக வாழும் பெண்களை மதிக்கிறேன். ஆனால் அது அவர்களாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பாட்டி வீட்டில் பிள்ளையை விடும் தாய்மார்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளும் நம்மைத்தான் கேட்கிறேன். மகளுக்கு இரண்டு வருடம் கொடுங்கள். வரன் பார்க்கப் போகும் அன்று பேரனைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அவனையும் கூடவே அனுப்புங்கள். அவனை ஏற்காத வரன் முதல் போனிலேயே விலகிப்போவது நல்லதுதான்.

அன்று மண்டபத்தில் மேடையேறி மைக் பிடித்தபோது அந்தப் பெண் பெயர் சொன்னாள், வேலையைச் சொன்னாள், பிறகு, "பையன் என்கூடத்தான் இருக்கான்," என்றாள். கீழே அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து அவருக்குப் போன் செய்து விசாரித்தேன்.

"மூணு பேர்தான் மேடம் கூப்பிட்டாங்க," என்றார் வருத்தமாக.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "மூணு பேர் கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்கப்பா."