உங்களுக்குத் தெரியுமா? சிறுநீர் சொல்லும் உலோக ரகசியம்!

அவனியாபுரத்துக்காரர்களே, நம் வைகைக்குக் கொடைக்கானல் மலையும் தண்ணீர் தருகிறது, தெரியுமா? பாம்பாறு கும்பக்கரையில் அருவியாகக் கொட்டி, வராக நதி வழியாக வைகையில் சேர்கிறது. அந்தப் பாம்பாற்றுச் சோலைக்கு மேலேதான் கொடைக்கானலின் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை நின்றது!

இயந்திரங்கள் வந்தது எங்கிருந்து? அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து! அங்கே ஓடிய ஆலையையே 1980களில் பெயர்த்து வந்து மலையேற்றினார்கள்!

2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பிடிபட்டது. எடை 7.4 டன்! ஆலை மூடியது.

2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறியது. எங்கே? அதே அமெரிக்காவுக்கு!

பாதரசப் பாதிப்பு தொடர்பாக முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன், ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். ஆலை மூடி 15 ஆண்டு கழித்து!

இப்போது இதைக் கேளுங்கள். இப்படி ஆலையில் மூச்சில் நுழைந்த பாதரசம் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும். ஆனால் சுமார் 60 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஓராண்டில் மிஞ்சுவது ஏறத்தாழ 64இல் ஒரு பங்குதான்! பல ஆண்டு கழித்து எடுத்த யூரின் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றால், அன்று பாதரசம் படவே இல்லை என்று அர்த்தமில்லை. பட்டவர் உடம்புக்குத்தான் தெரியும்!

மீன் வழியாக வரும் பாதரசமோ சிறுநீரில் அவ்வளவாகச் சிக்காது. ரத்தத்திலும் தலைமுடியிலும்தான் தேட வேண்டும்!

ஆர்செனிக் இன்னும் அவசரக்காரன். சில நாட்களிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடும்! நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டு லேபுக்குப் போகாதீர்கள். கடல் உணவில் உள்ள ஆபத்தில்லாத ஆர்செனிக்கே ரிப்போர்ட் அளவை எகிறவைக்கும்!

காட்மியம் நேர் எதிர். சிறுநீரகத்தில் குடியேறினால் 10 முதல் 30 ஆண்டில்தான் பாதியாகும்! புகைபிடிப்பவர் உடம்பில் இது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு!

ஈயமா? சிறுநீரை நம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனைதான்!

24 மணி நேரச் சேகரிப்பா? தொடங்கும் நாளின் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். மறுநாள் காலையில் கழிப்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்! பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். பாட்டிலும் லேப் தரும் உலோகக் கலப்பில்லாததாக இருக்க வேண்டும்!

உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களா? உஷார்! அப்படி எடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் எண் ஏறும். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010லேயே இதை ஏற்க மறுத்துவிட்டது!

லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் பாதரசத்தையும் இன்றைய கருவி கண்டுபிடிக்கும். அது எவ்வளவு தெரியுமா? 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 83இல் ஒரே ஒரு கிராமைக் கலந்த அளவு!