ஈட்டுக்கடைக்குப் போகாமல் மிஞ்சிய முத்து: வீட்டில் எப்படித் துடைப்பது, எப்படி வைப்பது?

போர்க்காலத்தில் எங்கள் வீடுகளில் நகை என்றால் அரிசி, மருந்து, பிள்ளையின் பயணச் செலவு. சங்கிலி, காப்பு, கடைசியில் தாலிக்கொடி என்று ஒவ்வொன்றாக ஈட்டுக்கடைக்குப் போய்த் திரும்பாமலே விட்டன. அப்படிப் போகாமல் பல வீடுகளில் மிஞ்சியது முத்துத்தான். ஈடு பிடிப்பவர்கள் தங்கத்தை மட்டுமே நிறுப்பார்கள். கல்லுக்கும் முத்துக்கும் உரிய எடையைக் கழித்துவிடுவார்கள். முத்துத் தோட்டுக்குக் கிடைப்பது சொற்பக் காசு என்பதால் அதைத் திரும்பக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டார்கள். அம்மம்மாவினுடையது என்று காட்ட இன்று அந்தத் தோடு ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்தத் தோட்டை இப்போது கெடுப்பது நாங்களே என்பதுதான். கலியாண வீடு வந்தால் பெட்டியைத் திறக்கிறோம். மங்கிப்போய்க் கிடக்கிறதே என்று பழப்புளி, தேசிக்காய், அப்பச்சோடா, பற்பசை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தேய்க்கிறோம். தங்கமும் பித்தளையும் இவற்றைத் தாங்கும். முத்து தாங்காது.

ஏன் என்பதற்கு முத்து எதனால் ஆனது என்று பார்த்தால் போதும். சிப்பியின் உட்புறத்தில் மினுங்கும் பொருளும் முத்தும் ஒன்றே. பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. அதைப் படை படையாகப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய புரதப் பசை. அதோடு கொஞ்சம் நீர். சிப்பியைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். சிப்பியில் தேசிக்காய்ச் சாறு பட்டால் நுரைக்கும், கரையும். முத்திலும் அதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். எங்கள் வியர்வைகூடக் கொஞ்சம் புளிப்புத் தன்மை கொண்டதுதான்.

அடுத்தது கடினம். கனிமங்களை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் முத்து 2.5 முதல் 4.5 வரையில் நிற்கிறது. மணல் 7. வீட்டுத் தூசியில் மணல் துகள் இல்லாமல் இராது. ஆகவே தூசி படிந்த முத்தைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பது அரத்தாள் போடுவதற்குச் சமம். பற்பசையிலும் அராவும் தூள் இருக்கிறது.

மங்கிய முத்தைக் கோழிக்குத் தின்னக் கொடுத்து, சிறிது நேரத்தில் கோழியை அறுத்து எடுத்தால் பளபளப்பு வரும் என்று முன்பு இலங்கையில் ஒரு வழக்கம் இருந்ததாக வெளிநாட்டார் எழுதியிருக்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் ஒரு விளக்கம் உண்டு. கோழியின் வயிற்று அமிலம் மேற்படையைக் கரைக்கும், கீழே உள்ள படை தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் முத்து சிறுக்கும். கடையில் ‘பொலிஷ்’ போட்டுத் தருகிறோம் என்று சொன்னாலும் கணக்கு இதுதான். முத்தின் மேலுள்ள அழுக்கை எடுக்கலாம். போன பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய முத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றால், வேண்டும். மன்னார்க் கடலின் முத்துப் படுகைகள் இன்று கதையாகிவிட்டன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு படுகைகள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன, சில வருடங்களுக்குள் சிப்பியே இல்லாமல் போயிற்று. குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இடிந்த சுவராக நிற்கிறது. சனங்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்திய தோட்டில் இருப்பது அந்தக் கடலின் முத்தாக இருக்கக்கூடும். இப்போது கடையில் வாங்கும் உண்மையான முத்துகளில் பெரும்பாலானவை சீனாவில் நன்னீரில் வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கும் பராமரிப்பு ஒன்றுதான்.

இனி செய்முறை. போட்டுக் கழற்றியவுடன், மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒருமுறை துடையுங்கள். பழைய வேட்டித் துணி நல்லது. சாதாரண நாட்களில் இது போதும். அழுக்குப் பிடித்திருந்தால், ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்குப் பாவிக்கும் சவர்க்காரத்தைச் சிறிது கரைத்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு முத்தாகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணி. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, தானாகக் காய விட்டால் வெள்ளைப் படிவு விழும். ஆகவே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஊறப் போட வேண்டாம், ஓடும் தண்ணீரில் பிடிக்கவும் வேண்டாம். தோட்டில் முத்து பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சுடுதண்ணீரில் பசை விடும். பழைய நகைகள் சிலவற்றின் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள், அதற்குள் ஈரம் போனால் வெளியே வராது. நகைக்கடையில் தங்கத்தைக் கழுவ வைத்திருக்கும் அதிர்வு இயந்திரத்திலும் அமிலக் கரைசலிலும் முத்து வைத்த நகையைப் போட விடாதீர்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் கவனிப்பார்கள்.

முத்துச் சரமாக இருந்தால் நூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டுநூல் ஈரத்தில் தொய்யும், வியர்வையில் உக்கும். முத்துகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் மாற்றிக் கோர்க்கும் காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு முத்துக்கும் பக்கத்தில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்று இரண்டுதான் விழும், ஒன்றோடொன்று உரசவும் மாட்டாது. கொடுக்கும்போது நகைத் தொழிலாளியின் முன்னாலேயே எண்ணி, தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்த சரத்தை ஆணியில் தொங்க விடாமல் துவாயில் நீட்டி வைத்து, ஒரு முழு நாள் காய விட வேண்டும்.

மண்ணுக்குள் இருந்து எடுத்த நகைகள் வேறு விதம். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், பிறகு வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியபோதும், பேணிக்குள் போட்டுப் புதைத்துவிட்டுப் போனவர்கள் பலர். எடுத்தபோது தங்கம் அப்படியே இருந்தது, முத்து பழுப்பாகவோ பொருக்கு எழும்பியோ இருந்தது. அதை உடனே கழுவக் கூடாது. மண் ஒட்டியிருந்தால், குழந்தைக்குப் பவுடர் போடும் மெல்லிய பிரஷால் காய்ந்தபடியே தட்டிவிடுங்கள். பேணியின் துருக்கறை படிந்திருந்தால் அதை விட்டுவிடுவதே மேல். துருவை எடுக்கும் எந்த மருந்தும் முத்தையும் சேர்த்தே தின்னும். படை உரியத் தொடங்கிய முத்தில் ஈரத் துணியும் வேண்டாம், பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். அது இனி அணிவதற்கு உரியது அல்ல, ஆனால் இருக்கும்.

பற்களில் இலேசாக உரசினால் முத்து நறநறக்கும், போலி வழுவழுக்கும் என்பது உண்மைதான். உரியும் நிலையில் உள்ளதை மட்டும் அப்படிச் சோதிக்காதீர்கள். போலி என்று தெரிந்தாலும் எறிய அவசரப்பட வேண்டாம். அதற்கும் ஈரத் துணி போதும். ஸ்பிரிட்டும் சவர்க்காரமும் பட்டால் மேற்பூச்சு கழன்றுவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். பிளாஸ்ரிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைப்பது எங்கள் பழக்கம், எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்த காலத்தின் பழக்கம். முத்துக்குக் கொஞ்சம் காற்றும் ஈரப்பதமும் வேண்டும். நீண்ட காலம் காய்ந்தால் வெடிக்கும். கூரைத் தகடு கொதிக்கும் வீட்டில் றங்குப்பெட்டியை மேல் தட்டில் வைக்காமல், நிலத்தோடு குளிர்ந்த மூலையில் வையுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு வில்லங்கம் குளிர்காலத்து ஹீற்றர்தான், அதற்குக் கிட்ட வைக்க வேண்டாம். தங்கச் சங்கிலியோடு சேர்த்து வைத்தால் முத்தில் கீறல் விழும், தனித் துணி வேண்டும். வங்கிப் பெட்டகத்தில் இருந்தாலும் வருடத்தில் சில முறை எடுத்து அணியலாம். உடுத்து, தலை இழுத்து, வாசனைத் திரவியம் பூசி முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, வீடு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது முத்து.

பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். துணியில் சுற்றிய பின், யாருடையது, எந்த ஊரில் யார் செய்வித்துக் கொடுத்தது என்று ஒரு துண்டில் எழுதிப் பொதியின் வெளிப்பக்கம் வையுங்கள். பென்சிலால் எழுதினால் ஈரம் பட்டாலும் அழியாது.